இருபதாவது பல்லுக்குப் பேர் இல்லை

அந்தப் பாடத்திட்டக் கோப்பைத் தப்பான முகவரிக்கு அனுப்பினது நான்தான்னு முதல்லயே சொல்லிடறேன், பின்னால ஆளாளுக்கு ஒண்ணு பேசி என் தலை உருளறதுக்கு முன்னால நானே சொல்லிட்டாத் தேவலை. கல்லோடைப்பாளையம் மகளிர் கல்லூரியில இருபத்தேழு வருஷமா தபால் பிரிவுல உக்காந்திருக்கேன், பேரு பூவாத்தா, என் கையால போன கடிதம் ஒண்ணுகூட வழி தவறினதில்லைங்க, தவறினது அந்த ஒண்ணுதான், அதுவும் தவறாம ஒழுங்காப் போய்ச் சேந்திருந்தா கூசமலைக் குழந்தைங்க பாதிப்பேரு இன்னைக்கும் 'பேச்சு வரவில்லை'ன்னு அங்கன்வாடி நோட்டுல ஏறிக்கிட்டே இருந்திருக்கும்.

எங்க கல்லூரிக்குப் பின்பக்கம் நிமிந்து பாத்தா தெரியறதுதான் கூசமலை. அந்த மலைப் பொண்ணுங்க படிச்சிட்டு அந்த மலைக் குழந்தைங்களுக்கே டீச்சராப் போகட்டும்னு ரெண்டு வருஷப் பட்டயப் படிப்பு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பழங்குடி மழலைக் கல்வின்னு பேரு. நடத்த வந்தவங்க மசணி மேடம், கூசமலையில பொறந்து எம்.எட். முடிச்ச முதல் ஆளு, வெடவெடன்னு ஒல்லியா இருப்பாங்க, சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லை, ஆனா ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் பிரின்சிபால் என்ன, அவரோட நாற்காலியே எந்திரிச்சு வந்து கெஞ்சினாலும் முடியாதுதான்.

முதல் வருஷம் விண்ணப்பம் பதினொண்ணு வந்துச்சு. வயதுன்னு இருக்கிற கட்டத்துல ஒருத்தி இருபத்தெட்டுன்னு எழுதியிருந்தா, பாத்தா பத்தொம்பதுக்கு மேல மதிக்க முடியாது, இன்னொருத்திக்குக் காதோரம் நரை எட்டிப் பாக்குது, அவ இருபத்திரண்டுன்னு எழுதியிருந்தா. எனக்கு வந்துச்சே கோவம்.

"ஏம்மிணி, மாப்பிள்ளை பாக்கறதுக்கா வயசைக் கொறைச்சு எழுதறே?"ன்னு கேட்டேன்.

அவ பொசுக்குன்னு வாயைத் திறந்து காட்டினா. "நீங்களே எண்ணிக்குங்க அக்கா, இருபத்திரண்டுதான் இருக்குது. ஆறைப் பிடுங்கிட்டாங்க."

அப்புறம் மசணி மேடம் வந்து வெளக்கினாங்க, கூசமலையில வயசை வருஷத்தால எண்றதில்லையாம், பல்லால எண்றதாம், ஒருத்தருக்குப் பல்லு விழுந்தா வயசு கொறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான், அதுக்கு யாரும் வருத்தப்படறதும் இல்லையாம். நான் பதினொரு விண்ணப்பத்துலயும் அடிச்சுத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்துல பதினொரு கையெழுத்து வாங்கி, அன்னைக்குப் பூரா பொலம்பிக்கிட்டே இருந்தேன்.

ஆனா அந்த மேடத்தோட பாடமே பல்லுதான்னு எனக்கு அப்பத் தெரியாது. கூசமலைக்காரங்க பிள்ளை வளத்தற முறை மொத்தமும் பல்லு வரிசையில இருக்குதுங்க, அவங்க சொல்லச் சொல்ல நான்தான் அதைத் தட்டச்சு பண்ணிக் குடுத்தேன், அதனால எனக்கு மனப்பாடம். பல்லில்லாப் பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டே வேலை செய், உன் தோளுக்கு மேல அது உலகத்தைப் பாக்கும். ஒரு பல் பிள்ளைக்கு எதுவும் சொல்லாதே, அது பாக்கட்டும். நாலு பல் பிள்ளை எதைத் தொடுதோ அதுக்கு மட்டும் பேர் சொல்லு. எட்டுப் பல் பிள்ளைகிட்ட நீ கேள்வி கேக்காதே, அது கேக்கட்டும். பன்னெண்டு பல் பிள்ளை கையில வேலை குடு, விளையாட்டு வேலை இல்லை, நெசமான வேலை. பதினாறு பல் பிள்ளை பொய் சொன்னா அடிக்காதே, அது கதை கட்டப் பழகுது. இருபது பல் பிள்ளை முன்னால நீ பேசாம உக்காரு, இனி அது உனக்குச் சொல்லும்.

அந்த இருபது பால் பல்லுக்கும் இருபது பேரு உண்டாம். சோறு ஊட்டறப்ப அம்மாக்காரி ஒவ்வொரு பல்லாத் தொட்டு அதோட பேரைச் சொல்லுவாளாம், பல்லோட பேரோட சேந்துதான் அந்தப் பருவத்துப் பேச்சும் பாட்டும் குழந்தைக்குள்ள எறங்குமாம். சிக்கல் என்னன்னா, மேடத்துக்கு ஏழு பேருதான் ஞாபகம் இருந்துச்சு, பதினொரு பொண்ணுங்களுக்கு ஒண்ணுகூட இல்லை. அத்தனை பேரும் அஞ்சு வயசுல அடிவாரத்து விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவங்க, மலைப்பேச்சுல ஒரு வார்த்தை வாயில வந்தா உள்ளங்கையில ஸ்கேல் விழும், அப்படி அடி வாங்கி வாங்கி, ஒரு கட்டத்துல அடிக்கிறவங்களுக்கே வேலையில்லாம மறந்துபோச்சு. அதனால பாடத்திட்டத்துல இருபது வரியில பதிமூணு வரி காலி.

அந்தப் பதினொண்ணுல கெம்பின்னு ஒருத்தி. இருபத்தொம்பது வயசு, நாம எண்ற கணக்குல சொல்றேன். அவளுக்கு ஒரு பொண்ணு, நஞ்சின்னு பேரு, மூணு வயசு ஆகியும் ஒரு வார்த்தை பேசினதில்லை. காது நல்லா கேக்குதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க, ஆனா அங்கன்வாடி நோட்டுல மாசாமாசம் 'பேச்சு வரவில்லை, பேச்சு வரவில்லை'ன்னு எழுதி, அடுத்த வருஷம் குறையுள்ள குழந்தைங்க பள்ளிக்கு அனுப்பணும்னும் எழுதிட்டாங்க. கெம்பி என்கிட்ட ஒருநாள் சொல்லி அழுதா, "நான் வாங்கின அடி இவ வாங்கக் கூடாதுன்னு வயித்துல இருக்கிறப்பவே நெனைச்சேன் அக்கா, பொறந்ததுல இருந்து தமிழ்லயே பேசினேன், எனக்கே அரைகுறைத் தமிழு, இவளுக்கு என்னத்தைக் குடுத்திருப்பேன் நானு?" நான் டீயை ஆத்திக் கையில குடுத்தேன். பாத்துக்க வீட்டுல ஆள் இல்லாததால நஞ்சி தினமும் அம்மாகூடவே கல்லூரிக்கு வந்து, ஏழாம் நம்பர் அறையில பாயில உக்காந்து, அத்தனை பேர் வாயையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருக்கும்.

ஏழாம் நம்பர் அறையில பெஞ்சு கிடையாது, பாய்தான். மேடம் கரும்பலகையில இருபது கோடு போட்டு, ஏழுல பேர் எழுதி, மீதியைக் காலியா விட்டுட்டு உக்காந்துக்குவாங்க. பிரின்சிபால் சென்னியப்பன் ஐயா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, "என்னங்க மேடம், சத்தமே காணோம், பாடம் நடக்கலீங்களா?"ன்னு கேட்டார்.

"நடந்துக்கிட்டுத்தான் இருக்குங்க ஐயா. இன்னைக்கு ஒரு பல் பாடம்."

"எப்ப முடியும்?"

"பல்லு எப்ப வரும்னு யாராவது தேதி கேப்பாங்களா ஐயா? வர்றப்ப வரும்."

வந்துச்சு. ஆடி மாசம் முதல் செவ்வாக்கிழமை மத்தியானம் மெஸ்ஸுல ரசம் சாப்பிட்டுக்கிட்டிருந்த கெம்பிக்குக் கீழ்வரிசை முன்பல்லு ஒண்ணு வலியில்லாம ரத்தமில்லாம தட்டுல விழுந்துச்சு, புதன்கிழமை அதே எடத்துல ஈறு வெடிச்சு, அரிசிக் குருணை அளவுல, வெள்ளை வெளேர்னு ஒரு பால் பல்லு எட்டிப் பாத்துச்சு, வியாழக்கிழமை காலையில அவ ஏழாம் நம்பர் அறைக்குள்ள நுழைஞ்சதும் கரும்பலகைக்குப் போய் முதல் காலிக் கோட்டுல 'மொக்கி'ன்னு எழுதினா. எழுதிட்டுத் திரும்பினவ, மலைப்பேச்சுல பத்து நிமிஷம் நிக்காமப் பேசினா. என்ன பேசினேன்னு அப்புறம் கேட்டதுக்கு, எறும்பு ஏன் வரிசையாப் போகுதுன்னு சின்னதுல எங்கம்மாகிட்டக் கேட்டது, அதைத்தான் திரும்பக் கேட்டேன்னா.

ஒரு மாசத்துல பதினொருத்திக்கும் பல்லு மாற ஆரம்பிச்சாச்சு. பழசு விழ, பால் பல்லு மொளைக்க, மொளைக்கிற ஒவ்வொண்ணும் தன் பேரையும் கூட்டிக்கிட்டு வர, துணையி வந்துச்சு, கீறி வந்துச்சு, காவலி வந்துச்சு, ஒரலி வந்துச்சு, கூடவே மறந்துபோன பாட்டும் வசவும் விடுகதையும் வந்துச்சு. விழுந்த பல்லைக் கூரை மேல எறியணும்னு எங்க மெஸ்காரம்மா சொல்லிக் குடுக்கப்போக, மெஸ்ஸு மேல போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு மேல தினமும் படபடன்னு சத்தம், வாட்ச்மேன் குரங்கு வந்துருச்சுன்னு ரெண்டு நாள் தடியோட அலைஞ்சார்.

ஊரு இதையெல்லாம் எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேக்கறீங்களா, ஊருக்கு வேற வேலை இல்லையா என்ன, எடுத்துக்கிச்சு. மெஸ்ஸுல முறுக்கு நின்னுபோச்சு, பதினொரு பேருக்கு மட்டும் குழைஞ்ச சோறும் மசிச்ச பருப்பும் தனியா ஒரு குண்டாவுல வெந்துச்சு, அது ருசியா இருக்குன்னு கண்டுபிடிச்ச கணக்கு வாத்தியார் தனக்கும் பல்லு ஆடுதுன்னு பொய் சொல்லித் தட்டை நீட்டினார். பஸ்ஸுல கெம்பி, "பால் பல்லுக்கு அரை டிக்கெட்டுதானே அண்ணா?"ன்னு வம்புக்குக் கேக்க, கண்டக்டர் டார்ச் அடிச்சு எண்ணிப் பாத்துட்டு, "எட்டுக்கு மேல இருந்தாக் கேள்வி கேட்டுக்கிட்டே வருவியாமே தாயி, முன்னால போய் டிரைவரைக் கேளு"ன்னு அனுப்பிட்டார், பாருங்க, பாடத்திட்டம் பஸ்ஸு வரைக்கும் வந்துருச்சு. ஒருத்தியோட வீட்டுக்காரர் மட்டும் கல்லூரி வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டார், ராத்திரியெல்லாம் பொண்டாட்டி ஏன் ஏன்னு கேட்டே கொல்றாளாம். மேடம் அவரை உள்ள கூப்பிட்டு, "எத்தனை பல்லு வந்திருக்கு?"ன்னு கேட்டாங்க. எட்டுன்னார். "பன்னெண்டு வரட்டும், வேலை கேப்பா, பொறுத்துக்குங்க"ன்னு அனுப்பிச்சுட்டாங்க.

கெம்பி இப்ப நஞ்சிக்கு மலைப்பேச்சுலயே ஊட்டினா. ஒவ்வொரு வாய்க்கும் குழந்தையோட ஒரு பல்லைத் தொட்டுப் பேர் சொன்னா. நஞ்சி மென்னுக்கிட்டே அம்மா வாயைப் பாத்துச்சு. ஆனா பேசலை. ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி போச்சு, அப்பவும் பேசலை. கெம்பிக்கு இருபது பால் பல்லும் மொளைச்சிருச்சு, கரும்பலகையில பத்தொம்பது கோடு நெறைஞ்சிருச்சு, இருபதாவது கோடு மட்டும் காலியாவே இருந்துச்சு, ஏன்னா கடைசிப் பல்லு பதினொருத்திக்கும் பேரில்லாமத்தான் வந்துச்சு. யோசிச்சாங்க, சண்டை போட்டாங்க, ஒருத்தி அழுதேவிட்டா. மேடம், "காலின்னே தட்டச்சு பண்ணுங்க அக்கா, இல்லாததை எழுத நமக்கு உரிமை இல்லை"ன்னாங்க.

அப்படித் தட்டச்சு பண்ணின பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகப் பாடக் குழுவுக்கு அனுப்பணும், அவங்க ஒப்புதல் குடுத்தாத்தான் படிப்பு நிக்கும். நானும் உறையை எடுத்து, மேல என்ன பொருள்னு பாத்தேன், 'பல் வாரியான பாடத்திட்டம்', உள்ள புரட்டினேன், வரிக்கு வரி பல்லு, என் கை அது பாட்டுக்குப் 'பல் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு'ன்னு எழுதி, ஒட்டி, சீல் வெச்சு, அனுப்பிருச்சு. அட சாமி, எனக்கு உறைச்சது எப்பத் தெரியுங்களா, பத்து நாள் கழிச்சு அவங்ககிட்ட இருந்து பதில் வந்தப்ப. 'பாடத்திட்டம் மிகச் சிறப்பு, இருபதாவது பல் குறித்த விவரம் விடுபட்டுள்ளது, எங்கள் வல்லுநர் ஒருவரை அனுப்புகிறோம், நகல் பல்கலைக்கழகத்துக்கு'ன்னு போட்டிருந்தாங்க.

நகல் போன எடத்துல வெடிச்சிருச்சு. பாடக் குழுத் தலைவர் பேராசிரியர் அருணகிரிகிட்ட இருந்து கடிதம் வந்துச்சு, வர்ற புதன்கிழமை நேர்ல வர்றோம், பல் மருத்துவக் கல்லூரி முத்திரை பதிஞ்சிருக்கிறதால விதிப்படி அந்த வல்லுநரும் வருவார், திருப்தி இல்லேன்னா இந்த வருஷத்தோட படிப்பை மூடிடுவோம்னு. பிரின்சிபால் ஐயா என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினார். நான் மசணி மேடத்துகிட்டப் போய், "என் கண்ணு அவிஞ்சுபோச்சுங்க மேடம், மன்னிச்சுக்குங்க"ன்னு அழுதேன். அவங்க அந்தக் கடிதத்தை வாங்கிப் படிச்சாங்க. அப்புறம், "படிப்பு போனா கெம்பிக்கு வேற வாய்ப்பு இல்லைங்க அக்கா"ன்னு மட்டும் சொன்னாங்க, திட்டியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

புதன்கிழமை வந்தாங்க. அருணகிரி சாருக்கு அறுபதுக்கு மேல, மடிப்பு கலையாத சட்டை, ரெண்டு வரிசையும் பல் செட்டு, பேசறப்ப லேசா டக்கு டக்குன்னு சத்தம் வரும். கூட வந்த பல் டாக்டர் செல்வின் முப்பது வயசு இருக்கும், கையில ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும்.

சார் நாற்காலியில உக்காந்ததுமே ஆரம்பிச்சுட்டார். "இது என்னம்மா பாடத்திட்டம்? உலகம் பூரா வயசு வாரியாத்தான் வெச்சிருக்காங்க. பல்லைப் பிடிச்சுப் பாத்து வயசு சொல்றதுக்கு இது கல்லூரியா, மாட்டுச் சந்தையா?"

பதினொருத்தி மொகமும் செத்துப்போச்சு. மேடம் நிமிந்து பாத்தாங்க. "சந்தையில மாட்டோட பல்லை வாங்க வர்றவங்க எண்ணுவாங்க சார். எங்க மலையில பிள்ளையோட பல்லை ஊட்டறவங்க எண்ணுவாங்க. ஒரே வயசுல ரெண்டு குழந்தைங்களுக்கு ஒரே மாதிரி வராதுன்னு எங்களுக்குத் தெரியும், அதனால காலண்டரைப் பாக்கறதில்லை, குழந்தையைப் பாக்கறோம்."

சார் டாக்டரைக் கைகாட்டினார். டாக்டர் முதல் வாயைப் பாத்தார், டார்ச்சை அணைச்சுட்டுத் திரும்பவும் போட்டுப் பாத்தார், ரெண்டாவது வாயைப் பாத்தார், மூணாவதைப் பாத்துட்டு ஒரு டீ கேட்டார். டீயைக் குடிச்சிட்டு மீதி எட்டு வாயையும் பொறுமையாப் பாத்து, 'மாணவியர் பதினொருவர், பால் பற்கள் இருநூற்று இருபது, அனைத்தும் நலம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்னய்யா எழுதறே நீ?"ன்னார் சார்.

"இருக்கறதைத்தான் சார் எழுதறேன்"னார் டாக்டர்.

சார் பாடத்திட்டத்தைப் புரட்டி, கடைசிப் பக்கத்துல விரலை வெச்சார். "சரி. 'இருபது பல் பிள்ளை முன்னால் பேசாமல் உட்கார், இனி அது உனக்குச் சொல்லும்'னு போட்டிருக்கே." பாயில உக்காந்திருந்த நஞ்சி மேல அவர் கண்ணு விழுந்துச்சு. "டாக்டர், அந்தக் குழந்தைக்கு எத்தனை?"

டாக்டர் பாத்துட்டு, "இருபது சார்"னார்.

"நல்லதாப் போச்சு. இந்தக் குழந்தைக்குப் பாடம் எடுத்துக் காட்டுங்க. அது சொன்னாப் படிப்பு இருக்கும். சொல்லலேன்னா நான் எழுத வேண்டியதை எழுதிட்டுப் போறேன்."

அந்த அறையில இருக்கிறதே ஒரே ஒரு குழந்தைதாங்க, அது மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசாத குழந்தை. பிரின்சிபால் ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேடம் கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. "கெம்பி, நீ எடு"ன்னாங்க.

கெம்பி போய் மக முன்னால பாயில சம்மணம் போட்டு உக்காந்தா. உக்காந்தா, அவ்வளவுதான். ஒண்ணும் பேசலை. அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்து ஆச்சு, வெளிய கொடிக்கம்பத்துக் கயிறு காத்துல டிங்கு டிங்குன்னு அடிக்கிறது கேட்டுச்சு, சார் கடிகாரத்தைப் பாத்தார், இருபது ஆச்சு, நஞ்சி பாயில ஒரு கோரையை உருவி எடுத்து மடிச்சு விரிச்சு மடிச்சுச்சு, கெம்பி அதைப் பாத்துக்கிட்டே இருந்தா, முப்பது ஆச்சு, சார் பேனா மூடியைத் திறந்தார். அந்தச் சத்தத்துல கெம்பி ஆடிப்போயிட்டா, அவ உதடு துடிக்கறது எனக்குத் தெரிஞ்சுச்சு, 'சொல்லு கண்ணு, ஒரு வார்த்தை சொல்லு'ன்னு தமிழ்ல கெஞ்சப்போறா, கெஞ்சினா அங்கன்வாடியில கெஞ்சின மாதிரிதான், குழந்தை இன்னும் உள்ள போயிரும். அவ நிமிந்து மேடத்தைப் பாத்தா. மேடம் அசையலை. கண்ணால மட்டும் இருன்னு சொன்னாங்க. கெம்பி எச்சியை முழுங்கிட்டு, வாயை லேசாத் திறந்தபடிக்கு, மகளையே பாத்துக்கிட்டு இருந்தா. கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சுச்சு, தொடைக்கலை.

நாப்பதாவது நிமிஷம் நஞ்சி கோரையைக் கீழ போட்டுச்சு. முட்டி போட்டு நகந்து வந்துச்சு. அம்மாவோட தாடையைப் பிடிச்சு எறக்கி, ஆள்காட்டி விரலை உள்ள விட்டு, கீழ்வரிசை முன்பல்லைத் தொட்டுச்சு.

"மொக்கி"ன்னுச்சு.

கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கரகரன்னு ஒரு குரலு. விரலு அடுத்த பல்லுக்குப் போச்சு. "துணையி." அடுத்தது. "கீறி." ஒவ்வொரு பல்லாத் தொட்டுத் தொட்டு, கீழ்வரிசை முடிச்சு மேல்வரிசைக்கு ஏறி, ஒண்ணை விட்டுட்டு மறந்து திரும்பி வந்து அதையும் தொட்டு, காவலி, ஒரலி, இத்தனை நாளா ஒவ்வொரு வாய்ச் சோத்தோடயும் முழுங்கி உள்ள சேத்து வெச்சிருந்த பேரையெல்லாம் எடுத்து வெளிய வெச்சுச்சு. பாயில உக்காந்திருந்த பத்துப் பேரும் கூடவே உதட்டை அசைச்சாங்க, நானும் அசைச்சேன், டாக்டர் விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தார். பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது.

மேல்வரிசையில கடைசி ஓரத்துப் பல்லுல விரலு நின்னுச்சு. அதுக்குத்தான் பேர் இல்லையே. கெம்பி சொல்லிக் குடுத்ததில்லை, மேடத்துக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நஞ்சி அம்மா மொகத்தைப் பாத்துச்சு. பல்லை ரெண்டு தட்டுத் தட்டிச்சு. அம்மாவோட வாயைக் கையால மூடிச்சு, திறந்துச்சு, திரும்ப மூடிச்சு.

"படலி"ன்னுச்சு. சொல்லிட்டுச் சிரிச்சுச்சு.

மேடம் கையில இருந்த சாக்பீஸ் கீழ விழுந்துச்சு. "கெம்பி, இந்தப் பேரு நீ சொன்னதா?"

"இல்லைங்க மேடம், நான் கேட்டதே இல்லை." கெம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. "எங்க குடிசைக்கு முன்னால மூங்கில் படல் இருக்கு மேடம், ஆடு வராம இருக்கச் சாத்தி வெப்போம். தெனம் நான் அதைச் சாத்தறதையும் திறக்கறதையும் பாத்துக்கிட்டே நிப்பா. இவளா வெச்சிருக்கா. மேடம், இவளே பேரு வெச்சிருக்கா!"

அதுக்கு மேல அந்த அறையில என்ன நடந்துச்சுன்னு ஒழுங்காச் சொல்ல எனக்கு வராது, பதினொருத்தியும் எந்திரிச்சு ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கிட்டுக் கத்தினாங்க, பிரின்சிபால் ஐயா வேட்டி நுனியில கண்ணைத் தொடைச்சார், மெஸ்காரம்மா கரண்டியோட ஓடி வந்துட்டா, மசணி மேடம், சத்தமே போடாத மசணி மேடம், குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேல வெச்சுக்கிட்டு மலைப்பேச்சுல ஒரு கூச்சல் போட்டாங்க பாருங்க, கூசமலை வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் கீழ எறக்கிவிட்டுட்டு, கரும்பலகைக்குப் போய், இருபதாவது கோட்டுல 'படலி'ன்னு எழுதி, அடியில 'பேர் வைத்தவர்: நஞ்சி, இருபது பல்'னு எழுதினாங்க. தொலைஞ்ச பேரைத்தான் தேடறோம்னு நாங்கெல்லாம் நெனைச்சுக்கிட்டிருந்தோம், அது தொலையவே இல்லை, இன்னும் வெக்காம இருந்திருக்கு.

அருணகிரி சார் மட்டும் உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தார். கை வாயைப் பொத்தியிருந்துச்சு. டக்குன்னு ஒரு சத்தம், கீழ்வரிசைப் பல் செட்டு எகிறி அவர் மடியில விழுந்துச்சு.

நஞ்சிக்கு இப்பத்தான் வாய் திறந்திருக்கு, விடுமா. நேரா அவர்கிட்டப் போச்சு. முட்டியைப் பிடிச்சு ஏறி, தாடையைப் பிடிச்சு எறக்கிச்சு. அவரும் மறுக்கலை. எட்டு வருஷமா வெறும் ஈறா இருந்த எடத்துல, நட்ட நடுவுல, அரிசிக் குருணை அளவுல ஒண்ணு எட்டிப் பாத்துக்கிட்டிருந்துச்சு.

"மொக்கி!"ன்னு கத்திச்சு நஞ்சி, எல்லாரையும் திரும்பிப் பாத்து, பெரிய சங்கதி கண்டுபிடிச்ச மாதிரி.

சார் ஏதோ சொல்ல வந்தார். என்ன சொல்ல வந்தாரோ, கண்ணு நெறைஞ்சிருந்துச்சு, வாயில இருந்து வந்தது "ம்பே"ன்னு ஒரு சத்தம்தான். சின்னப் பிள்ளையில அவரு மாட்டுக்கு வெச்சிருந்த பேராம் அது, பின்னால அவரே சொன்னார். பாருங்க, மாட்டுச் சந்தைன்னு ஏசினவருக்கு முதல்ல திரும்பி வந்தது மாடுதான்.

மேடம் அவர் பக்கத்துல ஒரு பாயை விரிச்சுப் போட்டாங்க. அவர் முன்னால இருந்த பாடத்திட்டத்தைப் பிரிச்சு, முதல் பக்கத்துல ரெண்டாவது வரியை அவருக்குக் காட்டினாங்க. ஒரு பல் பிள்ளைக்கு எதுவும் சொல்லாதே, அது பாக்கட்டும்.

"உக்காந்து பாருங்க சார்"ன்னாங்க.

அவர் நாற்காலியில இருந்து எறங்கி, மடிப்பு கலையாத சட்டையோட பாயில உக்காந்தார். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தார். போறதுக்கு முன்னால அறிக்கையை எழுதி, 'படிப்பு பல் வாரியாகவே தொடரலாம்'னு முடிச்சு, உறையில போட்டு என் கையில குடுத்தார். ஒட்டறதுக்கு முன்னால நான் எடுத்துப் பாத்தேன், தபால் பிரிவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அடியில குழுத் தலைவரோட பேரு, பதவி, வயதுன்னு மூணு கட்டம். பேரு இருந்துச்சு, பதவி இருந்துச்சு. வயதுங்கிற கட்டத்துல, எதையும் அடிக்காம திருத்தாம, நிதானமான கையெழுத்துல எழுதியிருந்தார்: ஒன்று.